மாற்று வேட்பாளரின் ஈர வேட்டி

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட வாரத்தில் என் அப்பாவின் வேட்டி நனையத் தொடங்கியது. முதல் நாள் கரையோரம் மட்டும்தான் ஈரமாக இருந்தது. கொடியில் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று அம்மா வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தார், அதை அப்பா இடுப்பில் சுற்றி முடிப்பதற்குள் அதன் கரையும் நனைந்து வாசற்படியில் இரண்டு சொட்டு விழுந்தது. எங்கள் நெடுவலசையில் பங்குனி மாதத்தில் குழாய்கூடச் சொட்டாது என்பதால் அம்மா குனிந்து அதைத் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, "ஓடைத் தண்ணி வாடை அடிக்குது" என்றார். அப்பா பஞ்சர் கடையைத் திறக்கப் போனார். அவர் போன பிறகு பார்த்தால் புழுதியில் ஓர் ஈரக்கோடு தெருமுனை வரை போயிருந்தது, அதன் மேல் எங்கிருந்தோ வந்த மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன.

என் அப்பா சோணைமுத்துவை ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் 'டம்மி', சின்னவர்களுக்கு 'டம்மி மாமா'. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. மங்களநாதன் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது, அவர் மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக மாற்று வேட்பாளராக இன்னொருவர் மனு போட வேண்டியிருந்தது. வழக்கமாக மனைவிதான் போடுவார். அந்த அம்மா அன்று பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்ததால், காருக்கு டயர் மாட்டிக்கொண்டிருந்த என் அப்பாவைக் கையைத் துடைக்கச் சொல்லிக் கூட்டிப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதிகாரி முன்னால் நின்று உறுதிமொழி வாசிப்பார். பரிசீலனை நாளில் தலைவரின் மனு ஏற்கப்பட்டதும் அப்பாவின் மனு தானாகத் தள்ளுபடியாகும். "நன்றிங்கய்யா" என்று அதிகாரியைக் கும்பிட்டுவிட்டு, காராச்சேவுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவார். "என்ன டம்மி, தள்ளுபடி ஆயாச்சா?" என்று தெருவில் கேட்பார்கள். "ஆயாச்சு, ஆயாச்சு!" என்று கல்யாணம் முடிந்தவர் போலச் சிரிப்பார். அவர் தள்ளுபடி ஆவதுதான் தலைவர் நிற்பதற்கான அடையாளம் என்பதால் அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அதோடு நிற்கவில்லை. தலைவர் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாத எல்லாவற்றுக்கும் அப்பாவின் பெயர் மாற்றாக நின்றது. கல்யாண வீட்டுப் பந்தியில், காரின் பானட்டின் மேல், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருக்கும்போது, கரி படிந்த விரல்களோடு, காட்டிய இடத்தில் எல்லாம் போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. அப்படிப் போட்ட ஒன்றில்தான் உப்போடைப் பாலம் அவர் பெயருக்கு வந்தது. கல்வெட்டில் இருந்த பெயர் மங்களநாதன், ஒப்பந்தத்தில் இருந்த பெயர் சோணைமுத்து. பாலம் ஐப்பசி மாதத்து முதல் பெருமழையில் போனது. நூறு நாள் வேலை முடிந்து குட்டியானை வண்டியில் வந்துகொண்டிருந்த பெண்கள் ஏழு பேரையும் அது கொண்டுபோனது. ஆறு பேரைக் கண்மாய்க் கரையில் எடுத்தார்கள். எங்கள் ஊர் ராக்குவின் மகள் பஞ்சவர்ணம் மட்டும் கிடைக்கவே இல்லை.

அப்போது அது விபத்து என்றுதான் இருந்தது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகுதான், உடைந்த தூணுக்குள் கம்பியே இல்லாததைப் படம் பிடித்து ஒரு தொலைக்காட்சி காட்டியது, எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் பிரதி எடுத்துச் சுவரெல்லாம் ஒட்டினார்கள், அது ஊழலாக மாறியது. அப்பாவின் வேட்டி நனையத் தொடங்கியதும் அன்றுதான்.

ஊர் அந்த ஈரத்துக்கு ரொம்பச் சீக்கிரம் பழகிக்கொண்டது. டீக்கடை சவரிமுத்து, கிளாஸ் கழுவும் அண்டாவுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கென்று ஒரு இரும்பு ஸ்டூல் போட்டார். பஸ்ஸில் கண்டக்டர் அவரைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார், அப்படியும் டிக்கெட் எடுக்காமல் விட்டதில்லை. கட்சி அலுவலகத்தில் துளை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஒதுக்கி, கீழே ஒரு பேசினையும் வைத்தார்கள். வெள்ளாடுகள் அவர் பின்னாலேயே நடந்தன. பஸ் ஸ்டாண்டு வேப்பமரம், அவர் நின்று பேசும் பக்கம் மட்டும், துளிர்விட்டது. கத்தரிச் செடி வைத்திருந்த பெண்கள், "மாமா, செத்த இங்கிட்டு நின்னுட்டுப் போங்களேன்" என்று கூப்பிட, அவரும் கூச்சத்தோடு பாத்தியில் நின்றுவிட்டுப் போனார். யாரோ புகார் கொடுத்ததன் பேரில் தேர்தல் பறக்கும் படை ஜீப்பில் வந்தது. வாக்காளர்களுக்கு இலவசமாகத் தண்ணீர் விநியோகம் நடப்பதாகப் புகார். அதிகாரி குனிந்து அப்பாவின் வேட்டியைத் தொட்டுப் பார்த்து, கூட வந்தவரை வீடியோ எடுக்கச் சொல்லி, சிறிது யோசித்துவிட்டு, "இது விநியோகம் ஆகாது, கசிவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் ஈரம் ஏறிக்கொண்டே வந்தது. கரையில் இருந்தது முழங்காலுக்கு வந்தது, முழங்காலில் இருந்து இடுப்புக்கு. அது எதுவரை ஏறும் என்று நானும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை, இருவரும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தோம்.

எங்களைத் தவிர அதைத் தினமும் பார்த்த இன்னொருத்தி ராக்கு. ஒரு நாள் காலையில் தூக்குவாளியோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள். அப்பா எழுந்து நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, வேட்டியின் முனையைக் கையில் எடுத்து, வாளிக்கு மேலே பிடித்து, துணி துவைக்கிறவள் போல முறுக்கிப் பிழிந்தாள். பிறகு முந்தானையை வாளியின் வாயில் கட்டி அந்தத் தண்ணீரை வடிகட்டினாள். செம்மண் நின்றது. நத்தைக் கூடு ஒன்று, கருவேல முள் ஒன்று, நாணல் தாள் ஒன்று. ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள், வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். அதற்கப்புறம் அப்பா அவள் வரும்வரை கடைக்குப் போவதில்லை.

"எதைம்மா தேடுறா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பிள்ளையத்தான்" என்றார் அம்மா.

இதற்கிடையில் டீக்கடையில் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை வருடமாக மாற்று வேட்பாளர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த முறை பால விவகாரத்தைக் காட்டித் தலைவரின் மனுவைத் தள்ளுபடி செய்யவைக்க எதிர்க்கட்சிக்காரர்கள் வக்கீல்களோடு தயாராக இருந்தார்கள். அப்படி நடந்தால் மாற்றாக இருப்பவர்தான் வேட்பாளர், ஜெயித்தால் அவர்தான் எம்.எல்.ஏ. சவரிமுத்து கடையில் டீ ஆறியது தெரியாமல் அதைப் பற்றியே பேசினார்கள்.

"எம்.எல்.ஏ. சம்சாரம்தான்யா. சேலை எடுத்தாச்சாம்."

"சம்சாரமா? அந்தம்மாவுக்கு மைக்கப் பிடிச்சா கை நடுங்கும். எம்.எல்.ஏ.வோட மாப்பிள்ளை டாக்டரு வர்றாரு பாரு, மெட்ராஸ்ல இருந்து கட்டம் போட்ட சட்டையெல்லாம் வித்துட்டு வெள்ளைக்கு மாறிட்டாராம்."

"ஏன், நம்ம டம்மிக்கு என்ன குறைச்சல்? தண்ணிக் கஷ்டம் தீர்க்கிற ஒரே வேட்பாளரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்டாப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவும் சிரித்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, பெட்டியில் இருந்த தேர்தல் சட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, கஞ்சி போட்டு வைக்கச் சொன்னார். அவர் ஜெயிக்க ஆசைப்படவில்லை. எப்போதும்போலக் கூப்பிடுவார்கள், எப்போதும்போலப் போய்த் தள்ளுபடி ஆகிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

தலைவர் ஒரு மத்தியான வேளையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வந்தது அதுதான் முதல்முறை என்பதால் வீட்டில் அவர் உட்காரத் தகுந்த நாற்காலி இல்லை, அம்மா பக்கத்து வீட்டில் இருந்து கொண்டுவந்தார். தலைவரின் வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்பாவின் ஈரம் அன்று நெஞ்சுக்கு வந்திருந்தது, சட்டைப் பையில் இருந்த தலைவரின் படம் ஊறி வெளுத்திருந்தது.

"என்ன சோணை, இப்பிடி ஆயிப்போச்சு" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்லண்ணே. குளிர்தான் கொஞ்சம்." பிறகு அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, இந்தத் தடவையும் மாத்து நான்தானண்ணே?"

தலைவர் அவரைப் பார்க்காமல் அம்மா கொடுத்த மோரைப் பார்த்தார். "இந்தத் தடவ மாப்பிள்ளை போடட்டும். நீ இந்த ஈரத்தோட ஆபீசுக்குள்ள போனா காகிதமெல்லாம் நனைஞ்சிரும்ல."

"ஆமாண்ணே" என்றார் அப்பா.

"உனக்கு அதவிடப் பெரிய வேலை வச்சிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீ மேடையேறி ஒரு வார்த்தை சொல்லணும். பாலம் உன்னோடதுன்னு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு." அவர் எழுந்து தன் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார், கோயிலில் சத்தியம் செய்கிறவர் போல. "பாரு. காஞ்சு கெடக்கு. எல்லாத் தண்ணியும் உன் மேலதான் வருது, என் மேல ஒரு சொட்டு வரல. சாமியே சொன்ன பெறகு மனுசன் மறைச்சு என்ன ஆகப்போகுது? கேசை நான் பாத்துக்கிறேன். கொஞ்ச நாள்ல வெளிய கொண்டாந்துருவேன்."

ஊரில் ஏற்கெனவே பலர் அப்படித்தான் பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். நனைந்தவன்தான் செய்தவன், காய்ந்தவன் செய்யாதவன். வாசலுக்குப் போன தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ படிச்ச பிள்ளை. அப்பாவுக்கு நல்ல தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் குடு. காலேஜ்ல சீட்டு வாங்கிக் குடுத்தவன் கேக்குறேன்."

அது உண்மை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது, அதற்கு வழி செய்தது அவருடைய சிபாரிசு. நான் தலையை ஆட்டினேன், சரி என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாதபடி.

அன்று சாயங்காலம் அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆவி பறக்கக் காய்ந்துகொண்டும் நனைந்துகொண்டும் இருந்தார். நான் சொன்னேன்: "நீங்க சொல்லாதீங்கப்பா. அவர் கட்டின பாலம். நீங்க ஒரு செங்கல்லைக்கூடப் பாக்கல. இந்தத் தண்ணி பொய் சொல்லுது."

"தண்ணி பொய் சொல்லலம்மா" என்றார். "கையெழுத்து என்னுதுதானே. ஒரு நிமிசம், இது என்னத்துக்குண்ணேன்னு கேட்டிருந்தா? கேக்கலையே. அந்தப் பிள்ளைக போயிருச்சுக."

"அப்ப அவர்?"

அப்பா அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினார். "அவரும்தான். ரெண்டையும் சொல்லிர்றேன்."

கட்சிக் கூட்டங்களில் மைக் யார் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். "அப்படின்னா அவரோடதை முதல்ல சொல்லுங்கப்பா. பாலம் அவர் கட்டினதுன்னு முதல் வரியில சொல்லிருங்க. உங்களோடதை அப்புறம் சொல்லிக்கலாம். ரெண்டாவது வரிக்கு விடமாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, நான் ஏதோ தெரியாமல் பேசிவிட்டது போல ஒரு பரிவு இருந்தது. "அதெப்படிம்மா? ஏழு உசுரு. தன்னுதை வச்சுக்கிட்டு அடுத்தவன் குத்தத்த முதல்ல எப்படி எடுக்கிறது? என்னுதைச் சொல்லிட்டுத்தான் அவருதைச் சொல்லணும்."

"விடமாட்டாங்கப்பா."

"விட்ட வரைக்கும் சொல்றேன்."

நான் எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். பொய்யாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டு மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. பரிசீலனையில் தலைவரின் மனு ஏற்கப்பட்டு, மாப்பிள்ளை டாக்டரின் மனு தள்ளுபடியாகியிருந்தது. அவருக்குக் காராச்சேவு வாங்கத் தெரியவில்லை என்று சவரிமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கஞ்சி போட்ட சட்டையோடு மேடையேறினார். இத்தனை தேர்தலில் அவர் மேடையில் பேசியதே இல்லை. ஈரம் கழுத்துக்கு வந்திருந்தது. சட்டைக் காலர் சொட்டியது, படிகளில் வழிந்தது, மேடைக்குக் கீழே தூக்குவாளியோடு நின்றிருந்த ராக்குவின் காலடிக்குப் போய்த் தேங்கியது. மைக் செட்காரர் கரண்ட் அடித்துவிடும் என்று பயந்து மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தார்.

அப்பா காகிதத்தைப் பிரித்தார். அது நனைந்து எழுத்துகள் கரைந்திருந்தன. அதைப் பையில் வைத்துவிட்டுக் கூட்டத்தைக் கும்பிட்டார்.

"உப்போடைப் பாலத்துக்குக் கையெழுத்து போட்டது நான். ஏழு பேரு செத்ததுக்கு நான் காரணம்."

கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். எதற்குக் கை தட்டுகிறோம் என்று அவர்களுக்கே உறைத்தபோது சத்தம் தேய்ந்து நின்றது. அப்பா மூச்சு இழுத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்கினார். "பாலத்தைக் கட்டினது—" அந்த இடத்தில் மைக் போனது. தலைவர் பெரிய பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்து அப்பாவின் கழுத்தையும் வாயையும் சேர்த்துப் போர்த்தி, இறுக்கிக் கட்டிப்பிடித்தார், ஒலிபெருக்கிகளில் கட்சிப் பாட்டு முழங்கியது. பொன்னாடை ஊறிச் சொட்டியது. அதற்குள்ளிருந்து அப்பா இரண்டாவது வரியை முழுதாகச் சொன்னார். முதல் வரிசைக்குக் கேட்டது. ராக்குவுக்குக் கேட்டது.

கூட்டம் முழுவதும் அப்போது தலைவரின் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நனைந்த மனிதனை மார்போடு அணைத்திருக்கிறார், உண்மையும் சொல்லப்பட்டாகிவிட்டது, இப்போதாவது நனையும் என்று நானும் பார்த்தேன். நனையவில்லை. ஒரு சொட்டுகூட ஒட்டாமல், மடிப்புக் கலையாமல், வெள்ளையாக இருந்தது. அதற்கப்புறமும் பல நாள் அவர் எங்கே போனாலும் ஜனங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வேட்டிக் கரையைப் பார்த்தார்கள். அது காய்ந்தே இருந்தது.

அப்பாவின் முதல் வரி மட்டும் எல்லோருடைய செல்போனுக்கும் வந்தது. சனிக்கிழமை காலையில் போலீஸ் வந்து அவரை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றியது. சீட்டு நனையும் என்று கீழே உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ராக்கு எப்போதும்போல வாளியோடு வந்தாள். வாசலில் அப்பா இல்லை. வாசற்படியில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்க கொண்டு போனாக?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

நான் அவளைச் சிறைக்கு அழைத்துப் போனது வாக்கு எண்ணிக்கை நடந்த நாளில். அன்றுதான் பார்க்க அனுமதி கிடைத்தது. வாசலில் இருந்த வார்டர் நாங்கள் யாரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அலுத்துக்கொண்டார். "அவரால பெரிய தொந்தரவும்மா. எத்தனை தடவ உடுப்பு மாத்துறது? அந்த பிளாக் பூராவும் தவளை கத்துது." ஆனாலும் வாளியை உள்ளே கொண்டுபோக விட்டார், காலியாக இருக்கிறதா என்று மட்டும் கவிழ்த்துப் பார்த்தார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். ஈரம் முகவாய்க்குக் கீழே நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும், "அம்மா சாப்பிடுறாளா?" என்று கேட்டார். பிறகு ராக்குவைப் பார்த்து, மேலே போட்டிருந்த துண்டின் முனையை வலையின் கீழ் இடைவெளி வழியாக வெளியே தள்ளினார். அவள் குந்தி உட்கார்ந்து வாளியை வைத்துப் பிழிந்தாள். செம்மண் தண்ணீர் விழுந்தது. வெளியே எங்கோ பட்டாசு வெடித்தது. யார் ஜெயித்தார்கள் என்று வார்டர் சத்தமாகக் கேட்டார், இன்னொருவர் மங்களநாதன் என்றார். ராக்கு தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது முறை முறுக்கியபோது வாளிக்குள் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

கையை விட்டுத் துழாவி எடுத்தாள். ஒரு ஊக்கு. வளையலில் மாட்டிக்கொள்கிற சாதாரண ஊக்குதான், துருப்பிடித்திருந்தது, அதன் வளைவில் பச்சை நூல் சுற்றி ஒரு சின்ன மணி கோத்திருந்தது. ராக்கு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு தன் மாராப்பில், நெஞ்சுக்கு நேராக, குத்திக்கொண்டாள். அதற்கப்புறம்தான் முதன்முதலாக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இது அவளுதுதான்" என்றாள். "மிச்சத்தையும் குடுங்க."

அப்பா கம்பி வலையைப் பிடித்துக்கொண்டார். "குடுக்கிறேன் தாயி" என்றார். "ஒவ்வொண்ணா வருது. வர வரக் குடுத்துர்றேன்."

அப்போது அவர் கழுத்தைப் பார்த்தேன். ஈரம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வெளிச்சம் போதாததால் அப்படித் தெரிந்ததோ என்று வலைக்கு நெருங்கிப் போய் மறுபடியும் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் நெருக்கியது. வெற்றி ஊர்வலத்தால் வழி நெடுகப் பஸ் நின்று நின்று போனது. ராக்கு வாளியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடியிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கோயில் தீர்த்தமா?" என்று கேட்டாள்.

"இல்லடி" என்றாள் ராக்கு. "பிள்ளை."

அந்தப் பெண் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, கூட்டம் ராக்குவின் மேல் சாயாதபடி முதுகைக் கொடுத்து நின்றாள். உப்போடையில் பாலம் இல்லாததால் பஸ் சாலையை விட்டு இறங்கி, உலர்ந்த மணல் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போனது. கண்டக்டர் முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மெதுவாப் போங்கண்ணே, ஆள் இருக்கு."